இன்ஃபரன்ஸ் கேள்விகளில் கடைசி இரண்டு ஆப்ஷன் வரை வந்துவிட்டுத் தவறவிடுகிறேன். எப்படி யோசிப்பது?

கயல்_வாசிப்பு

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பத்தியின் மையக் கருத்து என்ன, ஆசிரியர் இந்த உதாரணத்தை ஏன் கொண்டுவந்தார் என்பது மாதிரியான கேள்விகளில் எனக்குச் சிக்கல் இல்லை. ‘இதிலிருந்து எதை உய்த்துணரலாம்’ என்று வந்துவிட்டால் பத்துக்கு நான்கோ ஐந்தோதான். ஐந்து ஆப்ஷனில் மூன்றை அடித்துவிடுகிறேன். மிச்சமுள்ள இரண்டில் ஒவ்வொரு முறையும் தவறான பக்கமே சாய்கிறேன்.

விளக்கத்தைப் படித்தால், நான் எடுத்ததை ‘பத்தியில் இதற்கு ஆதாரம் இல்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். சரியான விடையும்தான் பத்தியில் நேராக எழுதியிருக்கவில்லை. இரண்டுமே எழுதாத விஷயம். எழுதாததில் ஒன்று எப்படிச் சரியாகிறது, மற்றது எப்படித் தவறாகிறது? இன்னும் நிறையக் கேள்விகளைப் போட்டுப் பார் என்று சொல்லாதீர்கள், முந்நூறுக்கு மேல் போட்டுவிட்டேன்.

விரைவுநடை

எனக்கு உதவிய வழியைச் சொல்கிறேன். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘எல்லா’, ‘மட்டுமே’ மாதிரி அழுத்தமான சொல் இருக்கிற ஆப்ஷனை முதலில் தூக்கிவிடுங்கள். ‘கூடும்’, ‘சில’, ‘சில வேளைகளில்’ என்று மென்மையாகப் பேசுவதை வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

மெய்ப்பொருள்

விரைவுநடை சொல்வது பல நேரம் பலிக்கும், ஆனால் அதை நம்பி இருப்பது ஆபத்து. பத்தியே ‘சோதித்த 14 மாதிரிகளிலும் இதே முடிவுதான்’ என்று சொல்லியிருந்தால் ‘சோதித்தவற்றில் எதுவும் விதிவிலக்கல்ல’ என்பது நூற்றுக்கு நூறு சரியான விடை. அழுத்தமான சொல் இருக்கிறதே என்று அதைத் தூக்கிவிட்டால் மதிப்பெண் போய்விடும். சொல் எவ்வளவு கனம் என்பது பிரச்சினை இல்லை. அந்தக் கனத்தைப் பத்தி தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

கயல், ‘எழுதாததில் எது சரி’ என்று கேட்டீர்களே, அங்கேயே முடிச்சு இருக்கிறது. அன்றாடப் பேச்சில் உய்த்துணர்தல் என்றால் இடைவெளியை நாம் நிரப்புவது. தேர்வில் அப்படி இல்லை. பத்தியில் இருக்கிற இரண்டு, மூன்று வரிகளைச் சேர்த்து வைத்தால் தப்பிக்க வழியில்லாமல் வந்து நிற்பது எதுவோ அதுதான் விடை. அதை ஆசிரியர் எழுதவில்லை, ஆனால் எழுதிய வரிகளை ஒப்புக்கொண்ட ஒருவர் அதை மறுக்க முடியாது. அதனால் விடையை எடுத்த பிறகு ‘எந்தெந்த வரி’ என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையென்றால் அது நீங்கள் நிரப்பியது.

ஒன்றைச் செய்து பார்க்கலாம். நானே எழுதிய பத்தி:

‘1890களின் தொடக்கத்தில் ரேலி பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை இரண்டு வழிகளில் அளந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கியபின் எஞ்சிய வாயு ஒன்று. அமோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் மற்றொன்று. முன்னது பின்னதைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருந்தது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் மீண்டும் மீண்டும் அளந்தும் அது மறையவில்லை. 1894இல் ரேலியும் வில்லியம் ராம்சேயும், காற்றில் அதுவரை அறியப்படாத ஒரு வாயு இருப்பதாக அறிவித்தனர். ஆர்கான் என்று பெயர் பெற்ற அது, மற்றப் பொருள்களுடன் எளிதில் வினைபுரிவதில்லை.’

இதிலிருந்து எதை உய்த்துணரலாம்?

அ. ரேலிக்கு முன் நைட்ரஜனின் அடர்த்தியை யாரும் துல்லியமாக அளந்ததில்லை.
ஆ. ஆர்கான் நைட்ரஜனைவிட அடர்த்தி கூடியது.
இ. வினைபுரியாத வாயுக்களை அடர்த்தியை அளந்துதான் கண்டறிய முடியும்.
ஈ. ரேலி முதலில் அந்த வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்றே நினைத்தார்.

கயல்_வாசிப்பு

அ, இ இரண்டையும் உடனே விட்டுவிட்டேன். ஆ-வா ஈ-யா என்று நின்றேன், வழக்கம் போல. ஈ என்று சொல்வேன். ‘அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்’ என்று பத்தியிலேயே இருக்கிறது, திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார், அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆ-வைப் பற்றிப் பத்தி ஒன்றுமே சொல்லவில்லை. ஆர்கானின் அடர்த்தி என்ற பேச்சே அதில் இல்லை.

மெய்ப்பொருள்

நீங்கள் யோசித்த வழியை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. தவறு எங்கே நடக்கிறது என்று இதில் கண்ணுக்குத் தெரிகிறது.

‘ஒதுக்கிவிடக்கூடிய’ என்ற சொல்லில் நில்லுங்கள். யாரோ ஒருவர் ஒதுக்கியிருக்க முடியும் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. ரேலி ஒதுக்கினார் என்றோ, ஒதுக்க நினைத்தார் என்றோ இல்லை. மீண்டும் அளந்தார் என்பதும் அப்படித்தான். பிழை என்று நினைத்ததால் மீண்டும் அளந்திருக்கலாம். உண்மை என்று நம்பி, மற்றவர்களை நம்பவைக்க அளந்திருக்கலாம். பழக்கத்தால்கூட அளந்திருக்கலாம். மூன்றில் எதுவானாலும் பத்தியின் ஒரு வரிகூடப் பொய்யாகாது.

அப்படியானால் ‘முதலில் சந்தேகப்பட்டார்’ என்பது எங்கிருந்து வந்தது? நாம் கேட்டு வளர்ந்த கதை வடிவத்திலிருந்து. விஞ்ஞானி விநோதமான ஒன்றைப் பார்க்கிறார், முதலில் நம்பவில்லை, பிறகு உண்மை புலப்படுகிறது. அந்த அச்சில் பத்தியை ஊற்றிவிட்டீர்கள். ஈ மாதிரியான ஆப்ஷன் அந்த அச்சுக்காகவே செய்யப்பட்டது. பத்தியின் சொற்களையே எடுத்து வைத்திருப்பதால் ஆதாரம் இருப்பது போலவும் தோன்றும்.

ஆ அதற்கு நேர் எதிர். ‘ஆர்கானின் அடர்த்தி’ என்ற சொற்கள் பத்தியில் கிடையாது. ஆனால் வரிகளைச் சேருங்கள். காற்றில் ஆர்கான் இருந்தது. அது எளிதில் வினைபுரியாது, அதனால் ஆக்சிஜனை நீக்கும்போது அது போகாமல் எஞ்சிய வாயுவிலேயே தங்கியிருக்கும். அந்த எஞ்சிய வாயு தூய நைட்ரஜனைவிடக் கனமாக இருந்தது. கலந்திருந்தது கனத்தைக் கூட்டியது என்றால் கலந்தது கனமானது. மூன்று வரி, மூன்று விரல்.

கரிமம்

நான் வேதியியல் படித்தவன். ஆ-வை ஐந்து வினாடியில் எடுத்தேன், ஏனென்றால் ஒரு லிட்டர் ஆர்கான் சுமார் 1.78 கிராம், நைட்ரஜன் 1.25 கிராம் என்று தெரியும். காற்றில் ஆர்கான் ஏறத்தாழ 0.93 சதவீதம். ஆக்சிஜனை எடுத்துவிட்டால் மீதியில் அது 1.2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆர்கான் 43 சதவீதம் கனம் கூட. பெருக்கினால் அரை சதவீதம், பத்தியில் இருக்கிற அதே எண். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இதே காரணத்தால் எனக்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, மெய்ப்பொருள். உங்கள் பத்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆ ‘தப்பிக்க வழியில்லாத’ முடிவு அல்ல. காற்றிலிருந்து எடுத்தது கனமாக இருந்தது என்பதற்கு இன்னொரு விளக்கம் உண்டு: அமோனியாவிலிருந்து எடுத்ததில் ஹைட்ரஜன் போன்ற லேசான வாயு ஏதாவது கலந்து அதை லேசாக்கியிருக்கலாம். இது நான் இட்டுக்கட்டியதல்ல, ரேலியே அந்தச் சாத்தியத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். ஆர்கான்தான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று உங்கள் பத்தியில் எந்த வரி சொல்கிறது? விரலை எங்கே வைப்பீர்கள்?

மெய்ப்பொருள்

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வைக்க இடம் இல்லை. பத்தியை எழுதும்போது காரணம் எனக்குத் தெரிந்திருந்ததால் அந்த வரி இல்லாததே கண்ணில் படவில்லை. கயல் ரேலியின் மனத்தை நிரப்பியது போல நான் காரணத்தை நிரப்பியிருக்கிறேன்.

‘அளவீட்டில் கண்ட வித்தியாசத்துக்கு இந்த வாயுவே காரணம்’ என்று கடைசிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். இப்போது ஆ தப்ப முடியாதது. வரி இல்லாமல் அது நன்றாகத் தாங்கப்பட்ட முடிவு, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை, சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வு கேள்வியிலேயே காட்டிவிடும். ‘மஸ்ட் பி ட்ரூ’ (எது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்) என்று கேட்டால் சேர்த்த வரியோடு இருக்கிற பத்தி வேண்டும். ‘மோஸ்ட் ஸ்ட்ராங்லி சப்போர்ட்டட்’ (எதற்குப் பத்தியின் தாங்கல் அதிகம்) என்று கேட்டால் பழைய பத்தியிலேயே ஆ விடையாகிவிடும், ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் அந்த அளவு தாங்கல்கூட இல்லை. கேள்வியின் வாசகத்தை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். ஆனால் பயிற்சி செய்யும்போது கடினமான அளவுகோலையே பிடித்துக்கொள்வது நல்லது.

ஜிஆர்இயில் இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ஆப்ஷன் கொடுத்து ‘பொருந்துகிற எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று ஒரு வகைக் கேள்வி வரும். ஒன்று, இரண்டு, மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒன்றை விட்டாலும் பாதி மதிப்பெண் கிடையாது. அங்கே ‘இரண்டில் எது மேல்’ என்ற ஒப்பீடு செல்லாது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிறதா என்று தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாக் கேள்வியையும் அப்படியே பாருங்கள்.

சொல்லாய்வு

நான் இலக்கணம் கற்பிக்கிறவள். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் கயல் கேட்ட கேள்விக்கு நம் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது.

‘அவரும் வந்தார்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. எழுதவில்லை, ஆனால் அந்த ‘உம்’ சொல்லிவிடுகிறது. எச்சவும்மை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இதே வேலையை வேறு சொற்களும் செய்யும். ‘புகைப்பதை நிறுத்திவிட்டார்’ என்றால் முன்பு புகைத்தார். ‘இப்போது அந்த முறை வழக்கில் இல்லை’ என்றால் ஒரு காலத்தில் இருந்தது. ‘எதிரிகள்கூட ஒப்புக்கொண்டார்கள்’ என்றால் அவர்கள் ஒப்புக்கொள்வது எதிர்பாராதது, மற்றவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ‘சில மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்’ என்பதைப் பாருங்கள். எல்லாரும் தேர்ச்சி பெறவில்லை என்றுதானே நினைத்தீர்கள்? பேச்சில் அப்படித்தான் நினைக்க வேண்டும், இல்லையென்றால் பேச்சே ஓடாது. ஆனால் வாக்கியம் அதைச் சொல்லவில்லை. பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஆற்றிய உரைகளில் இந்த வேறுபாட்டை விளக்கினார். 1975இல் அது அச்சில் வந்தது. பேசுகிறவர் தேவையான அளவு தகவல் தருவார் என்று நாம் நம்புகிறோம், எல்லாரும் என்றால் எல்லாரும் என்றே சொல்லியிருப்பாரே என்று கணக்குப் போடுகிறோம் என்பது அவர் விளக்கம்.

இரண்டையும் பிரித்தறிய அவர் தந்த சோதனை எளிது: ரத்து செய்து பாருங்கள். எதிர்மறையை அடுத்த வரியாகச் சேருங்கள்.

‘சில மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். சொல்லப்போனால், எல்லாருமே தேர்ச்சி பெற்றார்கள்.’ உறுத்தவில்லை. ஆகவே ‘எல்லாரும் இல்லை’ என்பது நாம் நிரப்பியது.

‘அவரும் வந்தார். வேறு யாரும் வரவில்லை.’ காதில் இடிக்கிறது. ஆகவே ‘வேறு யாரோ வந்தார்கள்’ என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

கயல், ஈ-யில் இதைச் செய்து பாருங்கள். ‘அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான். ரேலி ஒரு நாளும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை.’ இடிக்கிறதா?

கயல்_வாசிப்பு

இடிக்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

ஆ-விலும் செய்து பார்த்தேன். ‘வித்தியாசத்துக்கு இந்த வாயுவே காரணம். இந்த வாயு நைட்ரஜனைவிட லேசானது.’ உடனே இடிக்கிறது. கரிமம் கேட்ட வரியை எடுத்துவிட்டுப் படித்தால் இடிப்பு குறைந்துவிடுகிறது, அதையும் கவனித்தேன்.

ஒரு கேள்வி, அக்கா. ஆசிரியரின் மனநிலையைக் கேட்கிற கேள்விகளில் இது செல்லுமா? ‘ஆசிரியர் இந்தக் கோட்பாட்டை எப்படிப் பார்க்கிறார்’ என்று வந்தால் நான் ஒட்டுமொத்த உணர்வை வைத்துத்தான் விடை போடுகிறேன்.

சொல்லாய்வு

செல்லும், ஆனால் வரியைவிடச் சின்ன அலகில் பார்க்க வேண்டும். ஆசிரியரின் மனநிலை பெரும்பாலும் தனிச் சொல்லில் ஒளிந்திருக்கும். ‘அவர் நிரூபித்தார்’ என்பதற்கும் ‘நிரூபித்ததாகக் கருதினார்’ என்பதற்கும் நடுவே ஆசிரியரின் முழு அபிப்பிராயமும் இருக்கிறது. ‘காட்டினார்’, ‘கூறினார்’, ‘கூறிக்கொண்டார்’ மூன்றும் ஒன்றல்ல. ஆங்கிலப் பத்தியில் ‘டெமான்ஸ்ட்ரேட்’, ‘க்ளெய்ம்’, ‘பர்போர்ட்’ என்று வரும்போது அதே வித்தியாசம்தான். வினைச்சொல்லிலும் அடைமொழியிலும் விரல் வையுங்கள். ஒட்டுமொத்த உணர்வை ஏற்படுத்தியதே அந்தச் சொற்கள்தான். உணர்விலிருந்து பின்னோக்கிப் போய் அந்தச் சொல்லைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் அந்த உணர்வு பத்தியுடையது அல்ல.

விரைவுநடை

எல்லாம் ஏற்கிறேன், அழுத்தமான சொல் பற்றி மெய்ப்பொருள் சொன்னதையும் சேர்த்து. நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஜிஆர்இ மொழிப் பகுதியில் முதல் பிரிவு 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவது 15 கேள்விக்கு 23 நிமிடம். சராசரி ஒன்றரை நிமிடம், பத்தி படிக்கிற நேரமும் அதற்குள்ளேதான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் ஒரு பிரிவில் 27 கேள்விக்கு 32 நிமிடம், இன்னும் குறைவு. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் எதிர்மறை வாக்கியம் எழுதி ரத்து செய்துகொண்டிருந்தால் பாதியில் மணி அடித்துவிடும்.

மெய்ப்பொருள்

எல்லா ஆப்ஷனுக்கும் வேண்டாம். கயல் முதலிலேயே சொன்னார், மூன்றைத் தானே அடித்துவிடுகிறார். கடைசி இரண்டுக்கு மட்டும் ரத்துச் சோதனை. மனத்துக்குள் சொல்ல ஐந்து, பத்து வினாடி ஆகும். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடிச் செலவாகிற நேரத்தைவிட இது குறைவு.

சாட் தேர்வில் பத்தி சின்னது, 25 முதல் 150 சொல்தான், ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. அங்கே உய்த்துணர்தல் பெரும்பாலும் கடைசியில் கோடிட்ட இடமாக வரும், ‘பத்தியைத் தர்க்கப்படி நிறைவு செய்வது எது’ என்று. விரல் வைக்க வேண்டிய வரிகள் மொத்தமே மூன்று, நான்குதான். அதனால் பயிற்சியைத் தொடங்க அது நல்ல களம் என்பது என் கருத்து, நீங்கள் எழுதப் போவது வேறு தேர்வாக இருந்தாலும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது நேரத்தை அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி போதும். ஒவ்வொரு தவறான ஆப்ஷனுக்கும் பக்கத்தில், அதை நம்புவதற்கு நான் வெளியிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘விஞ்ஞானிகள் முதலில் சந்தேகப்படுவார்கள்’ என்பது மாதிரி. பத்து நாளில் உங்கள் கைவசம் இருக்கிற அச்சுகள் என்னென்ன என்று தெரிந்துவிடும்.

கடல்தாண்டி

நான் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறவன். அதில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பத்தியின்படி அது சரியா, தவறா, தகவல் இல்லையா என்று கேட்பார்கள். ‘தவறு’ என்பதற்கும் ‘தகவல் இல்லை’ என்பதற்கும் நடுவே இத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். ரத்துச் சோதனையை அதில் போட்டுப் பார்த்தேன். கொடுத்த வாக்கியத்தையே பத்திக்கு அடுத்த வரியாகச் சேர்த்தேன். இடித்தால் தவறு. இடிக்கவில்லை என்றால் அதன் எதிர்மறையையும் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் இடிக்கவில்லை என்றால் தகவல் இல்லை. எதிர்மறை மட்டும் இடித்தால் சரி. மூன்றுக்கும் ஒரே கருவி. சொல்லாய்வு அவர்களுக்கு நன்றி.

கரிமம்

கடல்தாண்டி சொன்னது அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், துறை அறிவு இருக்கிறவர்களுக்காக. ஆர்கான் கேள்வியில் நான் சரியான விடையைத் தவறான வழியில் எடுத்தேன். மதிப்பெண் வந்திருக்கும், அதனால் தவறு தெரியாமலே போயிருக்கும். நமக்குத் தெரிந்த துறையில் பத்தி வந்தால் இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். உண்மையான வாக்கியம், ஆனால் இந்தப் பத்தி சொல்லாத வாக்கியம், ஒரு ஆப்ஷனாக நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

கயல்_வாசிப்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மெய்ப்பொருள் சொன்ன மாதிரி நாளைக்கு ஐந்து, பக்கத்தில் ஒரு வரி. என் நோட்டில் அதிகம் வந்த அச்சு ‘எதிர்த்தவர்கள் ஆதாரத்தை நம்பவில்லை’ என்பது. யாராவது ஒரு கருத்தை எதிர்த்தால், அதன் சான்றுகளையும் மறுத்தார்கள் என்று நானே சேர்த்துவிடுகிறேன். அதை உடைக்க நானே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாகக் கரிமம்.

‘கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் முன்வைத்தார். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே விலங்கின் புதைபடிவங்கள் கிடைப்பதை அவர் சான்றாகக் காட்டினார். அவரை எதிர்த்தவர்கள்கூட அந்தப் புதைபடிவங்களை மறுக்கவில்லை. இரு கண்டங்களையும் இணைத்த தரைப்பாலம் ஒன்று பின்னர் கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்றார்கள். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதற்கு வெகனரிடம் திருப்தியான விடை இல்லை.’

அ. எதிர்த்தவர்கள் வெகனரின் சான்றுகளை நம்பகமற்றவை என்று கருதினர்.
ஆ. ஒரே சான்றுக்கு இரு தரப்பும் வெவ்வேறு விளக்கம் தந்தனர்.
இ. விசையை விளக்கியிருந்தால் வெகனரின் கருத்து உடனே ஏற்கப்பட்டிருக்கும்.

என் விடை ஆ. விரல் வைத்த இடம்: ‘கூட… மறுக்கவில்லை’, ‘தரைப்பாலம்’. இ-யை எடுக்கக் கை போனது உண்மை. ‘விசையை விளக்கியிருந்தாலும் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்’ என்று அடுத்த வரி சேர்த்துப் பார்த்தேன், இடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

கரிமம்

தேடிப் பார்த்தேன், ஆ-வில் ஓட்டை இல்லை. அ-வை மட்டும் கொஞ்சம் கடினமாக்குங்கள்: ‘எதிர்த்தவர்கள் வெகனரின் சான்றுகளில் சிலவற்றை நம்பகமற்றவை என்று கருதினர்’ என்று மாற்றி, ரத்து செய்து பாருங்கள்.

கயல்_வாசிப்பு

புதைபடிவத்தை மறுக்கவில்லை என்று மட்டும்தான் பத்தி சொல்கிறது. அவர் வேறு சான்றும் காட்டினாரா, அதை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று இல்லை. ‘சிலவற்றை நம்பவில்லை’ என்று சேர்த்தாலும் இடிக்கவில்லை, ‘எல்லாவற்றையும் நம்பினார்கள்’ என்று சேர்த்தாலும் இடிக்கவில்லை. கடல்தாண்டியின் கணக்குப்படி, தகவல் இல்லை. அப்படியானால் என் பழைய அ பொய்யா, தகவல் இல்லாததா? ‘சான்றுகளை’ என்று பொதுவாக எழுதிவிட்டேன். ‘புதைபடிவச் சான்றை’ என்று திருத்தினால்தான் அது பத்தியோடு இடிக்கும். திருத்தி நோட்டில் எழுதிவைக்கிறேன்.